வாங்கல் எஞ்சின் வானேறிய கதை: எண்ணெய் அமைப்பில் நேர்ந்த மாற்றங்கள்

வாங்கல் சுழல் எஞ்சினில் எண்ணெய்க்கு மூன்று வேலைகள் உண்டு. எக்சென்ட்ரிக் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள் தேயாமல் காப்பது ஒன்று. எரியும் வாயுவை நேராக எதிர்கொள்ளும் முக்கோண ரோட்டரை உள்ளிருந்து குளிர்விப்பது இன்னொன்று. ரோட்டரின் முனைகளிலும் பக்கங்களிலும் உள்ள சீல்கள் உறைச் சுவரில் வறண்டு உரசாமல் பார்த்துக்கொள்வது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் போன எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிவிடும். மூன்றாவதற்குப் போனது திரும்புவதில்லை, எரிபொருளோடு எரிந்துவிடும். கார் எஞ்சினை வடித்தவர்கள் மூன்றுக்கும் ஒரே எண்ணெயை வைத்தனர். விமானத்துக்கு அந்த எஞ்சினைப் பழக்கியவர்களின் வேலை பெரும்பாலும் இந்த மூன்றையும் பிரித்தெடுப்பதாகவே இருந்தது.

ஃபெலிக்ஸ் வாங்கலின் முதல் எஞ்சின் 1957 பிப்ரவரியில் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்தில் ஓடியது. அதில் ரோட்டரோடு உறையும் சுழன்றது. உறையை நிலையாக நிறுத்திய எளிய வடிவம் அதே நிறுவனத்தின் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கேயினுடையது. பின்னால் சந்தைக்கு வந்தவை எல்லாம் அதன் வழிவந்தவை. 1958இல் அமெரிக்காவின் கர்ட்டிஸ்-ரைட் உரிமம் பெற்றது. மாக்ஸ் பென்டலேயின் வழிநடத்தலில் அங்கு உருவான இரட்டை ரோட்டர் ஆர்சி2-60 எஞ்சின், 185 குதிரைத்திறனுடன், லாக்ஹீடின் ஓசையற்ற கண்காணிப்பு விமானமான கியூ-ஸ்டாரில் பொருத்திச் சோதிக்கப்பட்டது. அதன் உறையைத் தண்ணீரும் ரோட்டரை எண்ணெயும் குளிர்வித்தன. விமானச் சந்தையில் அது வேரூன்றவில்லை. 1984இல் ஜான் டீர் நிறுவனம் அந்தப் பிரிவை வாங்கிக்கொண்டது.

எண்ணெயைச் சுற்றவிடும் ஏற்பாட்டையே ஜெர்மனியின் ஃபிக்டெல் அண்ட் சாக்ஸ் கைவிட்டது. அதன் சிறு எஞ்சின்களில் பெட்ரோல் கலவை முதலில் ரோட்டரின் உள்ளே நுழைந்து அதைக் குளிர்வித்த பிறகே எரியும் அறைக்குப் போகும். எண்ணெய் பெட்ரோலிலேயே கலந்திருக்கும். பம்பும் இல்லை, கூலரும் இல்லை. ஆனால் ரோட்டரின் சூட்டை வாங்கி விரிந்த கலவை அறையில் குறைவாகவே அடைபடும் என்பதால் திறனில் ஒரு பகுதி பறிபோனது. எண்ணெயை ஒருமுறை பயன்படுத்தி வெளியே விடுவது வானத்துக்குப் புதிதன்று. முதல் உலகப் போர்க்கால நோம் எஞ்சின்கள், சிலிண்டர்களே சுழல்பவை, வாங்கலோடு பெயரளவில் மட்டும் உறவுடையவை, ஆமணக்கெண்ணெயை இப்படித்தான் வெளியே வீசின.

சொந்தமாக விமானம் கட்டும் அமெரிக்கர்கள் பலர் நாடியது ஜப்பானிய மாஸ்டாவின் 13பி எஞ்சினை. ஓர் அறைக்கு 654 கன செ.மீ. வீதம் இரண்டு ரோட்டர்கள். பழைய கார்ச் சந்தையில் மலிவாகக் கிடைத்தது. பிஸ்டன், வால்வு என்று முறிந்து விழுவதற்கு எதுவுமில்லை. ஆனால் காரில் அது பெரும்பாலும் தன் திறனில் ஒரு சிறு பங்கில்தான் ஓடும். விமானத்திலோ முக்கால் பங்குத் திறனில் மணிக்கணக்காக ஓடியாக வேண்டும். இந்த வேறுபாடு முதலில் எண்ணெயில்தான் தெரியும். 13பி குளிர்விப்பு அமைப்புகளுக்குக் கொடுக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எண்ணெய் சுமக்கிறது. பிஸ்டன் எஞ்சின் பழக்கத்தில் சிறிய கூலரைப் பூட்டினால் மேலேறும் கட்டத்திலேயே எண்ணெய்ச் சூடு எல்லை தாண்டும். அப்போது திறன் உச்சம், கூலரில் மோதும் காற்றோ குறைவு. இதில் ஆபத்தும் உண்டு. பம்பிலிருந்து புறப்படும் எண்ணெய் முழுவதும் வெளியிலுள்ள கூலரைச் சுற்றிவந்த பிறகே பேரிங்குகளை அடைகிறது. ஒரு ஹோஸ் பிய்ந்தால் தொட்டி காலியாக வெகுநேரம் ஆகாது. அதனால் கார் ஹோஸ்களுக்குப் பதில் தீத்தாங்கும் உறையிட்ட விமான ஹோஸ்கள் வந்தன.

மாற்றங்களில் மிகச் சிறியது ஷாஃப்டின் முன்முனையில் நிகழ்கிறது. அங்கே மெழுகு அடைத்த விரலளவு வெப்ப வால்வு ஒன்று இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அது எண்ணெயைக் கசியவிட்டு, ரோட்டருக்குள் பீய்ச்சும் ஜெட்டுகள் திறக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கும். ரோட்டர் சீக்கிரம் சூடேறும். குளிர்காலக் காலையில் புகை குறையும். சூடேறியதும் மூடிக்கொள்ளும். நாள்பட்ட வால்வு முழுதாக மூடாவிட்டால் உயர்திறனிலும் அழுத்தம் கசியும், ரோட்டருக்குக் குளிர்ச்சி குறையும். விமானத்தில் புறப்படுமுன் எஞ்சினைச் சூடேற்றுவது எப்படியும் வழக்கம் என்பதால் அந்த வசதியே வேண்டாம் என்று அதை எடுத்துவிட்டுத் திண்மமான உலோக அடைப்பை வைத்தனர். பலர் அழுத்த ஒழுங்குபடுத்தியையும் மாற்றி, சதுர அங்குலத்துக்கு 71 பவுண்டு அளவிலிருந்த அழுத்தத்தை உயர்த்திக்கொண்டனர்.

சீல்களுக்கான எண்ணெயில்தான் கருத்து பிளந்தது. மாஸ்டாவின் அளவுப் பம்ப் தொட்டி எண்ணெயையே சிறிது சிறிதாக உறிஞ்சி உள்ளே சொட்டவிடும். பேரிங்குக்கான எண்ணெயில் உலோகச் சேர்மங்கள் கலந்திருக்கும். எரிந்தால் சாம்பல் மிஞ்சும், அது சீல் பள்ளங்களில் படியும். டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் எரிந்து தீருவதற்கென்றே செய்யப்பட்டது. மேலும், 1989 முதல் வந்த எஞ்சின்களில் அளவுப் பம்பை இயக்குவது காரின் கணினி. விமானம் கட்டுபவர் அந்தக் கணினியைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைக்கும்போது பம்புக்குக் கட்டளையிட ஆளில்லை. எனவே பம்பை நீக்கி வாயை அடைத்துவிட்டு, பழைய ஸ்கூட்டர்க்காரர்களைப் போல, பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து ஊற்றும் வழக்கம் பரவியது; காலனுக்கு ஓர் அவுன்ஸ் என்பது பரவலான அளவு. எரிபொருள் எவ்வளவு போகிறதோ அதற்கேற்ப எண்ணெயும் போகும். கெட்டுப்போக உறுப்பும் இல்லை. வெளியூர் ஓடுதளத்தில் பெட்ரோல் நிரப்பும்போது எண்ணெயை மறந்துவிட்டால்தான் வினை. அதற்கு அஞ்சியவர்கள் பழைய எந்திரப் பம்பை வைத்துக்கொண்டு, அது உறிஞ்சும் வாயைத் தொட்டியிலிருந்து பிரித்து, தனிக் குடுவையிலுள்ள டூ-ஸ்ட்ரோக் எண்ணெயோடு இணைத்தனர். இரண்டில் பின்னதே பொறியியலாகச் சீரானது. முன்னதைப் பலர் தேர்ந்ததற்கு எளிமையே காரணம்.

பிரிட்டனில் கதை வேறு திசையில் போனது. சாக்ஸ் எஞ்சினிலிருந்து தொடங்கிய டேவிட் கார்சைடின் பணி நார்ட்டன் மோட்டார் சைக்கிள் வழியாக ஷென்ஸ்டோனின் யுஇஎல் நிறுவனத்தை அடைந்தது. அங்கே ரோட்டரைக் குளிர்விக்கும் பொறுப்பு காற்றுக்கு மாறியது. அளந்துவிட்ட சிறிதளவு எண்ணெய் ரோலர் பேரிங்குகளை நனைத்து, பிறகு சீல்களுக்கும் உதவி, வெளியேறிவிடும். கூலரும் பெருந்தொட்டியும் தேவையில்லை என்பதால் எடை குறைந்தது. ஆர்கியூ-7 ஷேடோ ட்ரோனை ஓட்டும் 38 குதிரைத்திறன் ஏஆர்741 அவ்வகைதான். கார்சைடின் அடுத்த ஏற்பாட்டில் வெளிக்காற்றும் விலக்கப்பட்டது. பக்கச் சீல்களைத் தாண்டிக் கசியும் வாயுவே ரோட்டரின் உட்புறத்தில் அழுத்தத்தோடு தங்கி, ஒரு விசிறியால் சுற்றி, தண்ணீரால் குளிரும் வெப்பமாற்றியில் சூட்டை இறக்கிவைக்கிறது. லிச்ஃபீல்டின் ஏஐஇ நிறுவனம் 2012 முதல் இந்த முறையில் எஞ்சின்கள் செய்கிறது. மூடிய சுற்று என்பதால் பேரிங்குகளுக்கு விடும் எண்ணெய் காற்றோடு அடித்துப்போகாமல் உள்ளேயே சுற்றுகிறது. அதன் செலவும் குறைகிறது.