குதிரைக்குட்டியை எப்போது தொட வேண்டும்?

குதிரைக்குட்டி பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தள்ளாடியாவது எழுந்து நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் ஓடவும் தொடங்கிவிடும். காட்டில் மற்ற மிருகங்களுக்கு இரையாகிற இனம் அது. பயப்படத் தெரியாத குட்டி பிழைக்காது. ஆனால் அந்தப் பயத்தோடேயே வளர்ந்தால் பிறகு ஊசி போடவோ, குளம்பைச் சீவவோ யாரும் கிட்டே போக முடியாது. ஐந்நூறு கிலோ உடம்பு மிரண்டால் ஆளுக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து.

அப்படியென்றால் மனிதன் குட்டியிடம் எப்போது, எப்படிப் போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய பதில்களில் ஒன்று கிரேக்கர் செனஃபோன் சொன்னது. சாக்ரடீஸோடு பழகியவர், படை நடத்தியவர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார்.

குட்டியைப் பழக்குவது பயிற்சியாளர் வேலை, அவரிடம் விட்டுவிடுங்கள் என்கிறார். ஆனால் பிள்ளையைத் தொழில் கற்க அனுப்பும்போது செய்வது போல, திரும்பி வரும்போது குட்டிக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். எங்கள் ஆபீஸ் பாஷையில் 'அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா'!

முக்கியமான விஷயம் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. பயிற்சியாளரிடம் போகும் முன்பே குட்டி மனிதர்களை விரும்ப வேண்டும். அது வீட்டில், லாயக்காரர் கையில் நடக்கிற வேலை. பசி, தாகம், ஈக்கடி எல்லாம் தனியாக இருக்கும்போது வருபவை. தீனியும் தண்ணீரும் ஈத்தொல்லையிலிருந்து விடுதலையும் மனிதனால் வருபவை. குட்டியின் மனதில் இந்தக் கணக்கு பதிந்தால் போதும் என்கிறார். அதனால் தானே எட்ட முடியாத இடங்களில் தடவிக்கொடுக்கச் சொல்கிறார். கூட்டத்துக்குள் நடத்திப்போய்ப் பல சத்தங்களையும் காட்சிகளையும் பழக்க வேண்டும். மிரண்டால் அதட்டாமல், பயப்பட ஒன்றுமில்லை என்று பொறுமையாகப் புரியவைக்க வேண்டும்.

அப்படியே 1991-க்கு வருவோம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ராபர்ட் மில்லர், பிறந்த குட்டிக்குப் பயிற்சி தருவது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். வாத்துக்குஞ்சுகள் பொரிந்ததும் முதலில் பார்ப்பதைத் தாயாக ஏற்றுப் பின்தொடரும் என்று 1935-இல் கான்ராட் லோரன்ஸ் விளக்கிய 'பதிவு' என்ற கருத்துதான் அடிப்படை. பிறந்த சூட்டோடு குட்டியின் காது, வாய், மூக்குத்துளை, குளம்பு என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பத் தொட வேண்டும். அது திமிறும்போது கையை எடுத்துவிட்டால், திமிறினால் தப்பிக்கலாம் என்று கற்றுக்கொள்ளும். எனவே அடங்கும்வரை நிறுத்தக்கூடாது. பல பண்ணைகளில் இந்த முறை பரவியது.

பிரான்ஸின் ரென் பல்கலைக்கழகத்தில் செவரின் ஆன்ரி குழுவினர் இந்த முதல் மணி நேரத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். சில குட்டிகளை அந்த நேரத்தில் தாயிடமிருந்து பிரித்து நன்றாகக் கையாண்டார்கள். மற்றவற்றைத் தாயோடு விட்டுவிட்டார்கள். 2009-இல் வந்த முடிவு: கையாளப்பட்டவை வளர்ந்தபோது தாயை விட்டு அகலவில்லை, குறைவாக விளையாடின, சக குட்டிகளோடு ஒட்டவில்லை. தாயைப் பிரித்ததையும் தொட்டதையும் சேர்த்தே செய்த சோதனை இது. எனவே மில்லர் முறை முழுவதற்கும் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் யாருக்குச் சொந்தம் என்பதைக் காட்டிவிடுகிறது.

இதே குழுவின் 2005 சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. அதில் குட்டியைத் தொடவே இல்லை! முதல் ஐந்து நாளில், மொத்தமாக ஒண்ணேகால் மணி நேரம், தாயை மெதுவாக பிரஷ்ஷால் தேய்த்துக் கையால் தீனி கொடுத்தார்கள். குட்டி பக்கத்தில் நின்று பார்த்தது, அவ்வளவுதான். பிறகு அந்தக் குட்டிகள் மனிதர்களிடம் தாமாகவே நெருங்கி வந்தன. முதுகில் சேணத் துணி போட்டபோதும் சீக்கிரம் ஏற்றுக்கொண்டன. ஒரு வயதுவாக்கிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது.

மில்லர் முறை, எதிர்ப்பதை நிறுத்தும்வரை தொடுகிறது. செனஃபோன், மனிதன் வந்தால் நல்லது நடக்கும் என்று குட்டியை நம்பவைக்கிறார். எதிர்ப்பை விடுவதும் நம்புவதும் ஒன்றல்ல. ரென் சோதனை செனஃபோன் பக்கம் நின்று ஒரு விஷயத்தைக் கூடுதலாகச் சொல்கிறது: மனிதனை நம்பலாமா என்று குட்டி முதலில் தன் அம்மாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. குட்டியைப் பழக்க நினைப்பவர் முதலில் தாயிடம் நல்ல பேர் வாங்க வேண்டும்.