காவல் வாகனத் தேர்வு

ரோந்து, நெடுஞ்சாலைக் கண்காணிப்பு, கூட்டக் கட்டுப்பாடு, கைதி வழிக்காவல், காட்டுப்பகுதி நடவடிக்கை, கடலோரக் காவல் என்று காவல்துறையின் ஒவ்வொரு பணிக்கும் எந்த வண்டி பொருந்தும் என்று முடிவு செய்து, வாங்கி, பணிக்கேற்ப மாற்றியமைக்கும் வேலையே காவல் வாகனத் தேர்வு. தமிழ்நாட்டில் இந்த வண்டிகளைப் பராமரிப்பது பெரும்பாலும் ஆயுதப்படையின் மோட்டார் வாகனப் பிரிவு. வேகமும் வலிமையும்தான் காவல் வண்டிக்கு முதல் தகுதி என்று வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். வண்டிக்குள் இருப்பவர் தம் பணிநேரம் முழுக்க என்ன செய்கிறார் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்காமல் வாங்கிய வண்டிகள் கொட்டகையில் துருப்பிடித்திருக்கின்றன. சில இடங்களில் உயிர்களையும் பறித்திருக்கின்றன.

தொடக்க காலம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஏக்ரன் நகரக் காவல்துறை 1899இல் பணியில் இறக்கிய வண்டியையே முதல் காவல் மோட்டார் வண்டியாகக் குறிப்பிடுவது வழக்கம். அது பேட்டரியில் ஓடிய மின்சார வண்டி. விலை 2,400 டாலர். வேகம் மணிக்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர். குடிபோதையில் இருந்த ஒருவரை ஏற்றி வருவதே அதற்கு வந்த முதல் வேலை. மறு ஆண்டு நகரில் கலவரம் வெடித்தபோது கூட்டத்தினர் அதைக் கால்வாயில் தள்ளிவிட்டார்கள். ஆளை ஏற்றி வருவதற்காகச் செய்த வண்டி கலவரத்தைத் தாங்காது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாமானியர் வாங்கும் விலையில் கொண்டுவந்தபோது, வங்கிக் கொள்ளையரும் அவர்களைத் துரத்திய காவலரும் ஒரே வண்டியை விரும்பி ஓட்டினார்கள். துரத்திப் பிடிப்பதற்கான வண்டி என்ற எண்ணம் அமெரிக்கக் காவல்துறையில் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான்.

இந்தியாவில் கதை வேறு. இங்கே சாலையே இல்லாத ஊருக்கும் போய்வர வேண்டியிருந்ததால் ஜீப் வந்தது. 1950களில் என்ஃபீல்டு புல்லட் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் சேர்ந்தே வந்தது. 1955இல் சென்னையிலேயே அதன் தயாரிப்பு தொடங்கியது. 1980களின் நடுவில் மாருதி ஜிப்சி, பிறகு டாடா சுமோ, டொயோட்டா குவாலிஸ், மகிந்திரா பொலிரோ, இன்னோவா என்று வரிசை நீண்டது. எல்லாமே தனியார் சந்தைக்காகச் செய்தவை. சைரனும் வயர்லெஸ்ஸும் பொருத்தியதும் காவல் வண்டியானவை.

ரோந்து வண்டி

எண்ணிக்கையில் மிகுதியானதும், வாங்கும்போது மிகக் குறைவாகச் சிந்திக்கப்படுவதும் ரோந்து வண்டிதான். இரவு ரோந்தில் இருக்கும் ஒரு பொலிரோவைக் கவனிக்கலாம். முன்னால் ஓட்டுநரும் உதவி ஆய்வாளரும். பின்னால் நீளவாட்டில் போட்ட இருக்கைகளில் இரண்டு காவலர்கள். அவர்கள் காலடியில் லத்திகள், ஹெல்மெட், சாலையில் வைக்கும் கூம்புகள், ஒரு கயிற்றுச் சுருள். வண்டி ஏ.டி.எம். வாசலில் நிற்கிறது, காவலர் இறங்கி ரோந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறுகிறார். நான்குமுனைச் சந்திப்பில் நிற்கிறது. குடும்பச் சண்டை என்று அழைப்பு வந்தால் சந்துக்குள் நுழைந்து அங்கே நிற்கிறது. விபத்து நடந்த இடத்தில் விளக்கைச் சுழலவிட்டு மணிக்கணக்கில் நிற்கிறது. ஓடிய தூரம் கொஞ்சம். நின்ற நேரம் அதிகம். நிற்கும்போதும் வயர்லெஸ், சுழல் விளக்கு, கேமரா எல்லாம் மின்சாரம் கேட்கும். எஞ்சினை அணைத்தால் பேட்டரி இறங்கும். ஓடவிட்டால் டீசல் போகும், எஞ்சின் தேயும்.

ஆகவே ரோந்து வண்டியில் பார்க்க வேண்டியவை அதிக மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், நின்றபடி ஓடினாலும் சூடேறாத குளிரூட்டும் அமைப்பு, நாளுக்கு நூறு முறை திறந்து மூடினாலும் தளராத கதவுக் கீல், இடுப்பில் பெல்ட்டும் துப்பாக்கியும் கட்டியவர் எட்டு மணி நேரம் உட்காரக்கூடிய இருக்கை. அமெரிக்காவில் ரோந்துக்கென விற்கும் கார்களின் முன் இருக்கையில் பக்கவாட்டு மெத்தையைக் குறைத்திருப்பார்கள். துப்பாக்கி உறை இடிக்காமல் இருக்க. பின்னால் இருப்பவர் கத்தியால் குத்தினால் தடுக்க முதுகுப்பகுதியில் உலோகத் தகடு இருக்கும். பின் இருக்கை கழுவித் துடைக்கக்கூடிய ரெக்சின். இவற்றில் ஒன்றுகூட வேகத்தோடு தொடர்புடையதல்ல.

கனடாவின் ஒன்டாரியோவில் தயாரான ஃபோர்டு கிரவுன் விக்டோரியா அமெரிக்கக் காவல்துறையை ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆண்டது இதனால்தான். தனி அடிச்சட்டத்தின் மேல் உடற்பகுதியை ஏற்றிய பழைய பாணிக் கார் அது, 4.6 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இயக்கம். நடைமேடையில் ஏறி இறங்கினாலும் தாங்கும். இடித்தால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றி மறுநாளே சாலையில் விடலாம். அதற்கும் ஒரு பெருங்குறை இருந்தது. எரிபொருள் தொட்டி பின் அச்சுக்குப் பின்னால் இருந்ததால், நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தியிருக்கும்போது பின்னாலிருந்து வேகமாக வந்த வண்டி மோதித் தீப்பற்றிக் காவலர்கள் இறந்தார்கள். சாதாரணக் குடும்பம் அந்தக் காரை நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கெரிய நிறுத்திவைப்பதில்லை. காவலர் தினமும் நிறுத்துகிறார். தொட்டிக்குக் காப்புத் தகடுகள் வந்தன. பிறகு தீயணைக்கும் அமைப்பும் விருப்பத் தேர்வாக வந்தது. 2011 செப்டம்பரில் அதன் தயாரிப்பு நின்றது. அடுத்து வந்த எக்ஸ்ப்ளோரர் வகைக் காவல் வண்டியில் 2020 மாதிரி முதல் பெட்ரோல், பேட்டரி இரண்டிலும் இயங்கும் ஹைபிரிட் அமைப்பையே முதன்மையாகத் தந்தார்கள். நிற்கும்போது எஞ்சின் தானே அணைந்து பேட்டரி கருவிகளை நடத்தும் என்பதே அதன் பெரிய பயன். என் கணிப்பில் கடந்த 50 ஆண்டுகளில் ரோந்து வண்டியில் வந்த மிக முக்கியமான மாற்றம் இது.

கருவிகளைப் பொருத்தும் கட்டத்திலும் தவறு நடக்கும். 2017இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரக் காவல்துறை, வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு கசிந்து காவலர்கள் மயங்கியதால், ஏறத்தாழ 400 எக்ஸ்ப்ளோரர் வண்டிகளை ஒரே நேரத்தில் ஓரங்கட்டியது. விளக்கு, வயர் பொருத்துவதற்காகப் பின்புறம் போட்ட துளைகளைச் சரியாக அடைக்காமல் விட்டது முக்கியக் காரணங்களுள் ஒன்றாகத் தயாரிப்பாளர் தரப்பு சொன்னது. உள்ளூர்ப் பட்டறையில் துளையிடும் வேலைக்கும் எழுத்துபூர்வமான அளவுகோல் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

துரத்தலும் சோதனையும்

துரத்தலுக்கு அனுமதி உள்ள சில நாடுகளில் வண்டிக்குத் தனித் தகுதிச்சான்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் காவல்துறை ஆண்டுதோறும் புதிய காவல் வண்டிகளைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. வேக முடுக்கம், உச்ச வேகம், பிரேக், வளைவுப் பாதையில் கட்டுப்பாடு ஆகியவற்றோடு எரிபொருள் செலவும், ஓட்டுநருக்கான வசதியும், கருவி பொருத்த இடம் இருக்கிறதா என்பதும் மதிப்பெண் பெறும். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த ஷெவர்லே டாஹோவில் ஒரு வகை துரத்தலுக்குத் தகுதி பெற்றது. நான்கு சக்கர இயக்கம் கொண்டது நீண்ட காலம் சிறப்புப் பணிக்கு மட்டும் என்று விற்கப்பட்டது. உயரமும் எடையும் கூடிய வண்டி வேகத்தில் திரும்பும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

தமிழ்நாட்டின் நான்குவழிச் சாலைகளில் நிற்கும் இன்டர்செப்டர் வண்டியின் வேலை துரத்துவது அல்ல. வேகமானியும் கேமராவும் பதிவு செய்து, அடுத்த சோதனைச்சாவடிக்குத் தகவல் போகிறது. எனவே அதற்கு முக்கியம் கருவிக்கு அதிராத மேடையும், மின்வசதியும், தொலைவிலிருந்தே தெரியும் வண்ணப்பூச்சும். இத்தாலியக் காவல்துறையின் லம்போர்கினி பலருக்கும் வேடிக்கைப் பொருளாகத் தெரியலாம். ஆனால் முன்புறப் பெட்டியில் குளிர்வசதி வைத்து உறுப்புமாற்றுச் சிகிச்சைக்கான சிறுநீரகத்தைக் கொண்டுசெல்லவும் அது ஓடுகிறது. அந்தப் பணிக்கு அது சரியான வண்டிதான்.

வண்டி வைப்பதா, நடப்பதா

இங்கிலாந்தின் லங்காஷயர் காவல்துறை 1965இல் கெர்க்பி நகரில் நடைரோந்துக் காவலருக்குச் சிறு கார்கள் தந்தது. நீலமும் வெள்ளையுமான அந்தக் கார்களை மக்கள் பாண்டா கார் என்றார்கள். அழைப்புக்கு விரைந்து போக முடிந்தது. ஆனால் தெருவில் நின்று பேசும் பழக்கம் அற்றுப்போனது. அந்தக் குறை இன்றுவரை பேசப்படுகிறது. எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டு: சியாட்டில் நகர மையத்தில் சுரங்கப்பாதை வேலையால் போக்குவரத்து முடங்கியபோது, 1987இல் இரண்டு காவலர்கள் மலைச்சைக்கிளில் ரோந்து போனார்கள். கார் நுழையாத இடத்தில் சத்தமின்றி நுழைய முடிந்ததால் பிற நகரங்களும் அதைப் பின்பற்றின. சென்னையில் குதிரைப்படை இன்னும் இருப்பதற்கும் காரணம் உண்டு. மெரினாவில் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே குதிரைமேல் இருப்பவருக்கு எல்லாத் தலைகளுக்கும் மேலே பார்வை கிடைக்கும். மணலில் ஜீப் புதையும், குதிரை நடக்கும்.

வழிக்காவல் வண்டி

கைதிகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் வரும் வண்டியைத் தப்பிக்க முடியாத பெட்டி என்று மட்டும் நினைத்து வடிவமைப்பது கொடுமையில் முடியும். 2008 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனச் சாலையில் 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில், குளிர்வசதி வேலை செய்யாத வண்டியின் உலோக அறையில் ஒரு பழங்குடி மூத்தவர் வெப்பத்தால் இறந்தார். 2015இல் அமெரிக்காவின் பால்டிமோரில், இருக்கைப் பட்டை போடாமல் கை கால்களைக் கட்டி வேனில் கொண்டுசென்ற இளைஞர் கழுத்தெலும்பு முறிந்து மாண்டது நகரையே கொந்தளிக்க வைத்தது. காற்றோட்டம், குளிர்வசதி, பட்டை, உள்ளே இருப்பவரை முன்னால் இருப்பவர் காணும் கேமரா, தீ பிடித்தால் வெளியிலிருந்து திறக்கும் வழி ஆகிய ஐந்தும் இல்லாத வண்டியை வாங்கக்கூடாது. காவலில் இருப்பவரின் உயிருக்குப் பொறுப்பு காவல்துறைதான்.

கூட்டக் கட்டுப்பாடு

இந்தியாவில் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை அடுத்தடுத்து வீசும் வஜ்ரா வண்டியும், தண்ணீரைப் பீய்ச்சும் வருண் வண்டியும் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கானவை. கண்ணாடிகளுக்குக் கம்பிவலை, கல்லெறியைத் தாங்கும் பக்கத் தகடு, எளிதில் திரும்பும் நீளம் ஆகியவை தேவை. ஜெர்மனியின் வாவே 10 வண்டி 10,000 லிட்டர் நீர் சுமக்கும். அத்தனை பெரிய வண்டி நம் ஊர்க் கடைத்தெருவில் திரும்பாது.

லண்டன் நகர நிர்வாகம் 2014இல் ஜெர்மனியிடமிருந்து பழைய நீர்பீய்ச்சி வண்டிகள் மூன்றை வாங்கியது. பயன்படுத்துவதற்கான அனுமதியை உள்துறை அமைச்சர் தெரசா மே 2015இல் மறுத்தார். 3 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவான வண்டிகள் ஒரு நாள்கூடப் பணிக்குப் போகாமல் 2018இல் 11,025 பவுண்டுக்குப் பழைய இரும்பாகப் போயின.

கண்ணிவெடியும் கவசமும்

கண்ணிவெடிக்கு முன் சாதாரண வண்டி நிற்காது என்ற பாடம் தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுப் பகுதியில் கிடைத்தது. வீரப்பனைத் தேடிச் சென்ற காவல் கண்காணிப்பாளர் கோபாலகிருஷ்ணனின் ஜீப் வழியில் பழுதாக, குழு பேருந்துக்கு மாறியது. காட்டுச் சாலையில் புதைத்திருந்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். தட்டையான அடிப்பகுதி வெடியின் விசை முழுவதையும் உள்ளே இருப்பவர்கள் மேல் திருப்பும். தென்னாப்பிரிக்கா 1970களின் இறுதியில் தன் காவல்துறைக்காக உருவாக்கிய காஸ்பிர் வண்டியின் அடிப்பகுதி படகுபோல் நடுவில் கூர்ந்திருக்கும். விசை இருபுறமும் சிதறிப்போகும். இன்றைய கண்ணிவெடித் தடுப்பு வாகனங்கள் பலவும் இந்த வடிவத்தைப் பின்பற்றுபவை.

அதற்கும் எல்லை உண்டு. 2018 மார்ச்சில் சத்தீஸ்கரின் சுக்மாவில் அத்தகைய வாகனமே கண்ணிவெடியில் சிக்கி மத்திய ரிசர்வ் காவல் படையினர் 9 பேர் இறந்தனர். வெடிமருந்தைக் கூட்டிக்கொண்டே போவது புதைப்பவருக்கு எளிது. வண்டியின் கவசத்தைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. ஆகவே அந்தப் பகுதியில் நடந்து போவதையும், ஒன்றிரண்டு பேராக மோட்டார் சைக்கிளில் போவதையும் விதியாக்கினார்கள். விதி தளர்ந்த நாட்களில்தான் பேரிழப்பு. 2023 ஏப்ரல் 26 அன்று தந்தேவாடாவில் வாடகை வேனில் திரும்பிய 10 காவலர்களும் ஓட்டுநரும், 2025 ஜனவரி 6 அன்று பீஜாப்பூரில் ஸ்கார்ப்பியோவில் வந்த 8 காவலர்களும் ஓட்டுநரும் இறந்தார்கள். களைத்துப்போய்த் திரும்பும் ஆட்களுக்கு வண்டி கிடைத்தால் ஏறத்தான் தோன்றும். எந்த வழியில் வண்டியே கூடாது என்று முன்கூட்டி முடிவு செய்வதும் வாகனத் தேர்வின் பகுதியே.

நகரத்தில் கவசத் தேவை வேறு. 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் பயங்கரவாதத் தாக்குதலின்போது ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சாலஸ்கர் ஆகிய காவல் அதிகாரிகள் மூவரும் சாதாரண குவாலிஸ் வண்டியில் போகும்போது சுடப்பட்டு இறந்தார்கள். சுட்டவர்கள் அதே வண்டியை ஓட்டிச் சென்று, டயர் பழுதானதும் வேறு காரைப் பறித்தார்கள். அதன்பின் மும்பை காவல்துறை மகிந்திரா மார்க்ஸ்மேன் போன்ற கவச வண்டிகளை வாங்கியது. லண்டனில் 1991இல் தொடங்கிய ஆயுத எதிர்வினை வண்டிகள் இன்னொரு வழி: சாதாரண வேகக் காரிலேயே பூட்டிய பெட்டியில் துப்பாக்கிகளுடன் மூவர் எந்நேரமும் ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். தலைமையகத்தில் நிற்கும் கவச வண்டியைவிட ஐந்து நிமிடத்தில் வந்து சேரும் கார் பல நேரங்களில் பயன் மிக்கது.

கரையோரம்

1994இல் உருவான தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 12 டன், 5 டன் எடையுள்ள விரைவுப் படகுகளை இயக்குகிறது. ஆழக்கடலுக்குப் பெரியது, கரையோரத்துக்குச் சிறியது. இரண்டுக்கும் ஓட்டத்தெரிந்தவரும் எஞ்சின் பழுது நீக்குபவரும் நிரந்தரமாக வேண்டும். படகை வாங்கும்போதே அந்தப் பதவிகளையும் உருவாக்காவிட்டால் அது கரையில் கட்டியே கிடக்கும்.

கழித்தல்

மத்திய அரசின் அறிவிக்கையின்படி 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. காவல் நிலைய ஜீப்புகளுக்கும் இது பொருந்தும். சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்புக்கான கவச வண்டிகள் முதலிய சிறப்பு வகைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே ரோந்து வண்டிகள் ஒருவாறு புதிதாகிக்கொண்டிருக்கும்போது, கவச வண்டிகளுக்கு அந்தக் கெடு இல்லை. அவற்றின் பிரேக், டயர், ரப்பர்ப் பாகங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை மோட்டார் வாகனப் பிரிவே ஆண்டுதோறும் ஓட்டிப்பார்த்துச் சான்றளிக்க வேண்டியிருக்கிறது.