பழைய ஜீப்பின் முன்சக்கர ஓசைகள்

பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன் ஆக்ஸில் பக்கமிருந்து வரும் ஓசையைக் கொண்டு, பழுது எந்தப் பாகத்தில் என்று பிரித்தறியும் முறை இக்கட்டுரையின் பொருள். வில்லிஸ் வழிவந்த ஜீப்புகளே இங்கு எடுத்துக்காட்டு: இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை தயாரான வில்லிஸ் எம்பி, 1953இல் வெளிவந்த சிஜே-3பி, உரிமம் பெற்று மஹிந்திரா நிறுவனம் இந்தியாவில் தயாரித்த அவற்றின் வாரிசுகள். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்வதும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கற்பாதையில் ஏறுவதும் இந்த வம்சத்து வண்டிகள்தாம்.

அமைப்பு

பின்சக்கரம் மட்டும் உந்தும் காரில் முன்சக்கரத்தோடு சுழல்பவை ஹப்பும் பேரிங்கும் பிரேக் ட்ரம்மும் மட்டுமே. ஜீப்பில் அவற்றுக்குப் பின்னால் முழு ஆக்ஸில் ஒன்று இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கிரவுன்-பினியன், இரு பக்க ஷாஃப்டுகள், ஒவ்வொரு ஷாஃப்டின் கடைசியிலும் சக்கரம் திரும்பும்போது மடங்கிக்கொடுக்கும் ஜாயின்ட். இந்த ஜாயின்டை ஓர் இரும்புக் குண்டு மூடியிருக்கும், உள்ளே கிரீஸ். எம்பி மாடல் ஒன்றிலேயே நான்கு வகை ஜாயின்டுகள் பொருத்தப்பட்டன: ரெஸ்ஸெப்பா, பெண்டிக்ஸ்-வைஸ், டிராக்டா, சாதாரண கிராஸ் போட்ட ஸ்பைசர். எனவே வண்டியைத் திறந்து பார்க்காமல் உள்ளே எது இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. வலப்பக்கம் ஒரு வகை, இடப்பக்கம் இன்னொரு வகை என்று கைமாறிக் கைமாறி வந்த வண்டிகளும் உண்டு.

இவ்வளவு பாகங்கள் இருப்பது தொல்லைதான். ஆனால் சோதிப்பவருக்கு அதுவே வசதி. இந்த வண்டியில் முன் ஆக்ஸிலின் பாகங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். நவீனக் கார்களில் அது நடக்காது. காதை மட்டும் நம்புகிறவர் பெரும்பாலும் தவறான பக்கத்து ஹப்பைத்தான் கழற்றுவார், ஏனென்றால் ஆக்ஸில் குழாயும் சேஸிஸும் ஓசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடத்திவிடும்.

ஹப்பைக் கொண்டு பிரித்தல்

தேவைப்படும்போது மட்டும் ஷாஃப்டோடு சக்கரத்தைப் பூட்டும் ஃப்ரீ வீலிங் ஹப், தொழிற்சாலையிலிருந்து வந்த எம்பியில் கிடையாது. போர் முடிந்து விற்பனைக்கு வந்த ஜீப்புகளைத் தார்ச்சாலைக்கு ஏற்றதாக்க, 1948இல் தன் நிறுவனத்தைத் தொடங்கிய அமெரிக்கர் ஆர்தர் வார்ன் இதைப் பரவலாக்கினார். ஹப்பில் பூட்டவும் விடுவிக்கவும் திருகும் குமிழ் இருந்தால் நான்கு நிலைகளில் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் ஹப் விடுவிக்கப்பட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவர் இரு சக்கர நிலையில். இப்போது முன் ஷாஃப்டுகள் அசையாமல் நிற்கும். ஓசை அப்படியே இருந்தால் ஜாயின்ட், கிரவுன், முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எதற்கும் அதில் பங்கில்லை. மிஞ்சுபவை பேரிங், ட்ரம், டயர், ஸ்டியரிங் கம்பிகள், ஸ்பிரிங் பட்டை. அடுத்து ஹப்பை அப்படியே விட்டு லிவரை நான்கு சக்கர நிலைக்குத் தள்ள வேண்டும். இதைப் பலர் செய்வதே இல்லை. இந்த நிலையில் முன் ஷாஃப்டுகள் எஞ்சினால் சுழலும், ஆனால் சுமை ஏதும் சுமக்காது. சக்கரமும் தன்பாட்டுக்கு ஓடுவதால் தார்ச்சாலையிலும் தயங்காமல் செய்யலாம். இங்கே புதிதாக ஓர் ஊளை கிளம்பினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸையோ பினியன் பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது, ஹப்பைப் பூட்டி இரு சக்கர இயக்கம்: இப்போது சக்கரம்தான் ஷாஃப்டைச் சுழற்றுகிறது. நான்காவது, பூட்டிய ஹப்போடு நான்கு சக்கர இயக்கம். இதை மண்ணிலோ மணலிலோ மட்டுமே செய்ய வேண்டும்.

நான்காம் நிலையில் தார்ச்சாலையில் வளைத்தால் கட்டாயம் சத்தம் வரும். முன்சக்கரங்கள் வளைவில் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடுகின்றன; இடையே டிஃபரன்ஷியல் இல்லாததால் ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறி, டயர் வழுக்கும்போது ‘டங்’ என்று விடுபடும். இது வண்டியின் குறையன்று, ஓட்டுகிறவரின் குறை.

ஒரு ஹப் பூட்டியும் மற்றது பாதி பூட்டியும் இருப்பது இன்னொரு குழப்பம். பாதி மாட்டிய பற்கள் ‘கர்ர்ர்’ என்று உராய்ந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வெடிப்பதுபோல் தாவும். ஆக்ஸிலை இறக்கும் முன் இரு குமிழ்களையும் கையால் திருகிப் பார்ப்பது நல்லது.

வேகமும் தாளமும்

6.00-16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு 5 முறை சுழலும். சிஜே-3பியின் ஆக்ஸில் விகிதம் 5.38 என்பதால், அதே நேரத்தில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 27 முறை சுழலும். சக்கரத்தில் உள்ள கோளாறை எண்ணலாம், ஷாஃப்டில் உள்ளதை எண்ண முடியாது. அது ரீங்காரமாகவோ அதிர்வாகவோதான் கேட்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் நடை வேகத்தில் உருட்டினால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை நொடிக்குச் சற்றுக் கூடுதலாகும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, பக்கத்தில் ஒருவர் நடந்து வந்தால், ‘டக்’ ஒவ்வொரு முறையும் கோடு ஒரே இடத்துக்கு வரும்போது கேட்கிறதா என்று தெரிந்துவிடும். அப்படிக் கேட்டால் டயரில் குத்திய கல், தளர்ந்த சக்கர நட், கோணிய ட்ரம் ஆகியவற்றில் ஒன்று. எம்பியில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடப்புரி மரை. அதை அறியாதவர் இறுக்குவதாக நினைத்துத் தளர்த்திவிடுவார்.

கிராஸ் வகை ஜாயின்ட் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 25 டிகிரி மடங்கியிருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு சுமார் 9 விழுக்காடு கீழும் 10 விழுக்காடு மேலும் போகும். முழுதாக வளைத்து நான்கு சக்கரத்தில் ஏறும்போது ஸ்டியரிங் கையில் துடிப்பது இதனால்தான், அது இயல்பு. அந்தத் துடிப்போடு ‘டக் டக்’ சேர்ந்து, நேராக்கியதும் நின்றுவிட்டால் கிராஸ் தேய்ந்திருக்கிறது. ரெஸ்ஸெப்பாவுக்கு இந்தத் துடிப்பு கிடையாது. அதில் வளைவில் கேட்கும் ‘கட கட’ முழுக்கத் தேய்மானமே.

பேரிங்

ஒவ்வொரு முன் ஹப்பிலும் கூம்பு உருளை பேரிங் இரண்டு. கெட்டுப்போனால் தூரத்து மாவு மில் ஓடுவதுபோல் ஓர் உறுமல். வேகத்தோடு கூடும், கியரை நியூட்ரலுக்கு மாற்றினாலும் நிற்காது. மண் டயரின் இரைச்சலும் இதே மாதிரிதான் இருக்கும். சாலை மாறும்போது சத்தம் மாறினால் டயர். வளைக்கும்போது மாறினால் பேரிங். இடப்பக்கம் வளைத்தால் பாரம் வலச்சக்கரத்துக்குப் போகும், எனவே அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலப் பேரிங்.

உறுதிசெய்ய வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு வைத்துவிட்டு, டயரின் உச்சியிலும் அடியிலும் கைவைத்து ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் அது ஹப் பேரிங்கா, சக்கரம் திரும்பும் அச்சாகிய கிங் பின்னின் பேரிங்கா என்ற கேள்வி வரும். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்கட்டும். பிரேக் ட்ரம்மைப் பின்தட்டோடு கட்டிவிடுவதால், ஆட்டம் நின்றால் ஹப் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். சக்கரத்தின் முன்னும் பின்னும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் டை ராடு முனைகளைப் பார்க்க வேண்டும்.

ஆற்றில் இறங்கிய வண்டியில் கிரீஸ் பாலாகத் திரண்டிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. உருளைகளில் துருப் புள்ளி விழுந்திருக்கும், கழுவிப் புதுக் கிரீஸ் வைத்தாலும் சத்தம் போகாது. இறுக்கும் முறையும் முக்கியம்: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டைப் பிடிக்கும்வரை இறுக்கி, ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, பூட்டு வாஷர் மடித்து வெளி நட்டைப் போட வேண்டும். சிறிது தூரம் ஓடியபின் இரு ஹப்புகளையும் தொட்டுப் பார்க்க, ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது அல்லது பிரேக் லைனிங் உராய்கிறது.

எதை ஒத்திப்போடலாம்

ஷேக்கிள் புஷ் காய்ந்து எழும் கீச்சு, இரும்புக் குண்டின் மீது உலர்ந்த கம்பளி சீல் உரசுவது, பிரேக் பிடிக்கும்போது மட்டும் வரும் சீறல் ஆகியவற்றோடு வீடு வந்து சேரலாம். சீறல் சுரண்டலாக மாறினால் லைனிங் தேய்ந்து ரிவெட் ட்ரம்மைக் கீறுகிறது என்று பொருள், அதற்கு மேல் ஓட்டினால் ட்ரம்மும் போகும். உறுமலும் ஆட்டமும் சேர்ந்திருக்கும் சக்கரத்தோடு மலை இறங்கவே கூடாது. பேரிங் சிதைந்தால் ஹப் ஸ்பிண்டிலை விட்டே கழன்று வந்துவிடும்.