பழைய தாம்பரமும் பழுத்த நினைவும்



தாம்பரத்தில் பிறந்து எழுபது ஆண்டுகளைக் கடந்தவன் நான். அவற்றுள் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தேன். ஆகையால், இவ்வூரின் பழமையைப் பற்றி நான் சொல்வதை எவரும் ஐயுறுவதில்லை. அதுவே எனக்குத் தீங்காக முடிந்தது.

சில மாதங்களுக்கு முன், கல்லூரியிற் பயிலும் என் பேத்தியுடன் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகத்தில் உலவினேன். கிளை பரப்பி நின்ற ஒரு பெருமரத்தைக் காட்டி, "டாக்டர் இராதாகிருஷ்ணன் மாணவராக இருந்தபோது இதன் நிழலில் அமர்ந்துதான் தத்துவம் படித்தார்" என்றேன். வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிப் பழகிய செய்தி அது.

அவள், "தாத்தா, இந்தக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது எந்த ஆண்டு?" என்று கேட்டாள்.

"1937" என்றேன்.

"அவர் எம்.ஏ. படித்தது?"

நான் வாயடைத்து நின்றேன்.

கிறித்துவக் கல்லூரி 1837-இல் தொடங்கிய ஒரு பள்ளியின் வழி வந்தது. அது நூறாண்டுக் காலம் நகரத்துக்குள்ளேதான் இயங்கியது. சேலையூர்க் காட்டுப் பகுதியிற் பெற்ற நிலத்துக்கு 1937-இல்தான் குடிபெயர்ந்தது. இராதாகிருஷ்ணனோ 1888-இல் பிறந்தவர். எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறநெறி பற்றி அவர் எழுதிய ஆய்வு 1908-லேயே அச்சேறிவிட்டது. கல்லூரி தாம்பரத்துக்கு வந்த வேளையில் அவர் ஆக்ஸ்போர்டிலே பேராசிரியர்! இவ்வளாகத்து மரங்களுட் பல, வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிஸ் அம்மையாரும் நட்டு வளர்த்தவை. இந்த ஆண்டுகளையெல்லாம் நான் அறியாதவன் அல்லன். தனித்தனியே அறிந்திருந்தேன். ஒன்றின் அருகில் மற்றொன்றை வைத்துப் பார்க்க என் நினைவு ஒருபோதும் இடங்கொடுக்கவில்லை. கதை அவ்வளவு இனிமையாக இருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இந்த ஒன்று பொய்யானால், இன்னும் எத்தனையோ? பரணில் இருந்த என் பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன்.

முதலில் தேடியது ரயிலைத்தான். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டர்ப் பாதையில் 1931-ஆம் ஆண்டு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பம்பாய் 1925-இல் முந்திக்கொண்டது. கல்கத்தாவோ 1957 வரை காத்திருந்தது. தென்னிந்திய ரயில்வேயின் இப்பாதை, தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டரே அகலமுடைய மீட்டர் கேஜ் பாதை. இந்தியாவில் அத்தகைய பாதையில் மின்ரயில் ஓடியது இங்கேதான் முதலில். கரியும் புகையும் இல்லாத வண்டி, நேரந் தவறாமல் நகரத்துக்குக் கொண்டு சேர்க்கும் என்ற நம்பிக்கை வந்தபின்னரே, எழுத்தர்களும் ஆசிரியர்களும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் மனை வாங்கத் துணிந்தார்கள். வயலும் ஏரியும் குடியிருப்பாக மாறிய வரலாற்றின் பெரும்பகுதி அந்த மின்கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2004-இல் அக்குறுகிய பாதையில் மின்ரயில் ஓட்டம் முடிவுற்று, அகலப்பாதை அதன் இடத்தைப் பெற்றது.

அந்தச் சின்னஞ்சிறு வண்டியை எண்ணும்போதெல்லாம், சன்னலோர இருக்கை, முகத்தில் வீசும் காற்று, மடியில் திறந்த புத்தகம் ஆகியவையே என் மனக்கண்முன் தோன்றும். 1971-ஆம் ஆண்டு நாட்குறிப்பு வேறு கதை சொன்னது. "இன்றும் எழும்பூர் வரை நின்றபடியே பயணம்" என்று ஒரே மாதத்தில் பதினோரு இடங்களில் எழுதியிருக்கிறேன். மாம்பலத்தில் நெரிசலில் ஒரு செருப்பைப் பறிகொடுத்து, மற்றொன்றோடு அலுவலகம் போன செய்தியும் உண்டு. அதை நான் அடியோடு மறந்திருந்தேன்!

பழமையை எண்ணி ஏங்குவதை மேனாட்டார் முதலில் நோய் என்றே கருதினர். 1688-இல் பாசல் நகரத்து மருத்துவ மாணவர் யோகான்னஸ் ஹோஃபர் என்பவர், தாய்நாட்டை விட்டு அயலூரில் வாழ்ந்த சுவிட்சர்லாந்தியரின் ஏக்கத்துக்கு, வீடு திரும்பல், வேதனை என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்துப் பெயரிட்டார். இக்கால உளவியலார் அதை நோயாகக் கொள்வதில்லை. முதியோர் நினைவில் பத்து வயது முதல் முப்பது வயது வரையுள்ள காலமே செறிந்து நிற்கும் என்பது அவர்கள் கண்டது. நம் நாட்டிலும் சான்று உண்டு. 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர் தம் எண்பத்தைந்தாம் வயதையொட்டி 1940-இல் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். இளமையையும், 1876-இல் மறைந்த தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் எவ்வளவு விரிவாக எழுதுகிறார், பாருங்கள்! 1942-இல் அவர் மறைந்தபோது நூல் முற்றுப்பெறவில்லை. நம் பம்மலைத் தம் பெயரில் தாங்கிய சம்பந்த முதலியாரும், 1891-இல் சுகுண விலாச சபையை நிறுவிய அனுபவங்களை நீதிமன்றப் பணி ஓய்வுக்குப் பின்னரே 'நாடகமேடை நினைவுகள்' ஆக்கினார்.

ரயில் விஷயம் சிரிப்போடு போயிற்று. காற்று விஷயம் அப்படியன்று.

"அந்தக் காலத்துத் தாம்பரக் காற்றே மருந்து" என்று இவ்வூர் முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். என் அன்னையும் தம் எண்பதாம் வயதில் அதையே சொல்லிப் பெருமூச்சு விடுவார். காற்று நன்றாக இருந்தது மெய்தான். ஆனால் அப்புகழ் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் காசநோயாளர் இல்லம் நடத்தியவரான டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் இங்கே ஒரு சானடோரியம் நிறுவினார். 1937-இல் அரசு அதனை ஏற்றது. காசத்துக்கு அக்காலத்தில் மருந்தே இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-இல்தான். தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றைத் தவிர மருத்துவரிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை. காற்றை நாடி இங்கே வந்தவர்கள் உயிருக்குப் போராடியவர்கள். பின்னர், 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி மருந்துண்டவர்களும் சானடோரியத்திற் படுத்திருந்தவர்களைப் போலவே குணமடைவதை 1959-இல் உலகுக்கு அறிவித்தது.

இவற்றைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எந்த நாட்குறிப்பிலும் இல்லாத ஒன்று என் நினைவுக்கு வந்தது. ரயில் சானடோரியம் நிலையத்தை நெருங்கியதும், என் அன்னை தம் முந்தானையால் என் மூக்கையும் வாயையும் இறுக மூடுவார். வண்டி புறப்பட்டுச் சிறிது தூரம் சென்ற பின்னரே கையை எடுப்பார். எனக்கு மூச்சு முட்டும், திமிறுவேன். மருந்து என்று பிற்காலத்தில் அவர் புகழ்ந்த அதே காற்றுத்தான் அது.

பேத்தி தன் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டு, "எந்த ஆண்டு, தாத்தா?" என்றாள். பள்ளியிற் சேர்ந்த புதிது, 1956 ஆக இருக்கலாம் என்றேன். 1956 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டாள்.