எல்லைக்குறிகளுக்கு இடையே உள்ள உரையைப் பிரித்தெடுத்தல்

மேற்கோள்குறி, அடைப்புக்குறி போன்ற எல்லைக்குறிகளுக்கு நடுவே இருக்கும் உரையை எடுப்பது, ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் சுருங்குறித்தொடரின் மிகப் பரவலான பயன்களில் ஒன்று. இதில் நேரும் பிழைகளை நிரலாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது வழக்கம். ஆனால் அவற்றின் வேர் இக்கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. அமெரிக்கக் கணிதவியலர் ஸ்டீபன் கிளீனி 1951இல் ராண்ட் நிறுவனத்துக்காக எழுதி, 1956இல் அச்சான ஆய்வில் இதை வகுத்தார். ஆய்வாளர்கள் மெக்கல்லக்கும் பிட்ஸும் 1943இல் முன்வைத்த நரம்பு வலை எவ்வகை நிகழ்வுகளை அடையாளம் காணும் என்பதே அவர் ஆராய்ந்த கேள்வி. ஒரு தொடர் பொருந்துகிறதா இல்லையா என்பதோடு அக்கோட்பாடு நின்றது. நீண்ட உரைக்குள் பொருத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதன் கவலையே அல்ல.

கணினியியலர் கென் தாம்ப்சன் 1968இல் இதை உரைத் தேடலுக்குக் கொண்டுவந்தார், கியூ.ஈ.டி., ஈ.டி. உரைத்தொகுப்பிகளும் 1973இல் கிரெப் என்ற தேடல் கருவியும் அதைப் பரப்பின. தேடிய பகுதியை மாற்றி எழுத வேண்டுமென்றால் அதன் எல்லை தெரிந்தாக வேண்டும். எனவே இடப்புறம் முதலில் தொடங்குவதை எடு, இயன்றவரை நீட்டு என்ற மரபு நிலைத்தது. அதனால் பெயர்="வள்ளி" ஊர்="மதுரை" என்ற வரியில் ".*" என்று தேடினால், முதல் மேற்கோள்குறி தொடங்கிக் கடைசிக் குறி வரை எல்லாமே சிக்கிவிடும். 1994இல் வந்த பெர்ல் 5 நிரல்மொழி, .*? என்ற குறுக்கப் பொருத்தத்தைத் தந்தது. அதுவே போதுமே என்று கேட்கலாம். போதாது. மூடும் குறியை அடுத்து முற்றுப்புள்ளி வர வேண்டும் என்று நிபந்தனை சேர்த்து, "வள்ளி" "மதுரை". என்ற உரையில் தேடிப் பாருங்கள்: குறுக்கப் பொருத்தமும் நடுவிலுள்ள குறிகளைத் தாண்டி ஓடும். "[^"]*" என்ற விலக்கு வகுப்பு அப்படித் தாண்டாது; உள்ளே எது வரக்கூடாது என்பதை அது நேரடியாகச் சொல்லிவிடுகிறது. பெர்லுக்கு வெகுகாலம் முன்பே ஈ.டி.யில் இந்த வசதி இருந்தது. எல்லைக்குறி ஒரே எழுத்தாக இல்லாதபோது இப்படி எழுதுவது கடினம் என்பது உண்மைதான், அங்கே .*? கைகொடுக்கும்.

அடைப்புக்குள் அடைப்பு வந்தால் ஆழத்தை எண்ண வேண்டும். கிளீனியின் கோட்பாட்டிலுள்ள வரம்புற்ற எண்ணிக்கையிலான நிலைகளால் அது இயலாது. 2007இல் பெர்ல் 5.10 ஒரு தொடர் தன்னையே அழைக்கும் தற்சுழற்சியைச் சேர்த்துவிட்டதே என்பார்கள். சேர்த்தது உண்மை, அத்தோடு அது கிளீனி வகுத்த கருவியாக இல்லாமல் போனது. மேலும், பின்வாங்கிப் பின்வாங்கித் தேடும் பொறிகளுக்கு எளிய தொடரே பெருஞ்சுமையாகலாம். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை உலகெங்கும் சுமார் 27 நிமிடங்கள் முடங்கியது, .*.*=.* என்பதற்கு நிகரான பகுதியைக் கொண்ட ஒரு விதியால்தான். ஓரடுக்கு எல்லைக்குறிகளுக்கு விலக்கு வகுப்போடு எழுதிய சுருங்குறித்தொடர் நம்பகமானது. பல அடுக்கு என்றால் அடுக்குகளை எண்ணிப் பிரிக்கும் பாகுபடுத்தியே முறை.