காட்டி தாண்டா – ஐர் ஏரி: ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் முகாமிடச் செல்வோர் அறிய வேண்டியவை

ஆஸ்திரேலியாவின் மிகப்பெரிய ஏரி, பெரும்பாலான ஆண்டுகளில் நீரின்றி வெண்ணிற உப்புப் பரப்பாகவே காட்சியளிக்கிறது. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் வறண்ட உள்நிலப் பகுதியில், அடிலெய்டு நகருக்கு வடக்கே சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள காட்டி தாண்டா – ஐர் ஏரிக்கு வெள்ளம் வந்து சேரும் செய்தி பரவும்போதெல்லாம், அதனைக் காண உலகெங்கிலும் இருந்து பயணிகள் புறப்படுகின்றனர்.

இந்த ஏரிக்கரையில் முகாமிடுவது, சாதாரண சுற்றுலாத் தலத்தில் கூடாரம் அமைப்பது போன்றதல்ல. கடையோ, கைப்பேசி அலைவரிசையோ, அருகில் மருத்துவமனையோ இல்லாத இடம் அது. எனவே, ஏரியைச் சென்றடைவதற்கான திட்டத்தை விட, பாதுகாப்பாகத் திரும்பி வருவதற்கான திட்டமே முதன்மையானது.

ஏரியின் இயல்பு

ஏரியின் ஆழமான பகுதி கடல் மட்டத்தைவிட சுமார் 15 மீட்டர் தாழ்வாக உள்ளது. ஆஸ்திரேலியக் கண்டத்தின் மிகத் தாழ்வான இயற்கை நிலப்பகுதி இதுவே. முழுமையாக நிரம்பினால் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 9,500 சதுர கிலோமீட்டராக விரியும். கண்டத்தின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் நீர் இதனை நோக்கியே வடிகிறது.

ஏரிப் பகுதியில் ஆண்டு மழையளவு 150 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே, ஏரியை நிரப்புவது உள்ளூர் மழையன்று. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பெய்யும் கனமழையே. அந்த நீர் டயமண்டினா, ஜார்ஜினா, கூப்பர் கிரீக் ஆகிய ஆறுகளின் வழியே வாரக்கணக்கில், சில நேரங்களில் மாதக்கணக்கில் பயணித்து வந்து சேர்கிறது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் மேற்கு குயின்ஸ்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளம், மே மாதத்தில்தான் ஏரியை எட்டியது. பதிவு செய்யப்பட்ட வரலாற்றில் மிகப்பெரிய வெள்ளம் 1974ஆம் ஆண்டு வந்ததாகும்.

நீர் வரும்போது கூழைக்கடாக்கள் உள்ளிட்ட நீர்ப்பறவைகள் பெருந்திரளாக வந்து இனப்பெருக்கம் செய்கின்றன. நீர் இல்லாத காலத்தில் உப்புப் பாலையே காட்சி. 1964ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரிட்டனைச் சேர்ந்த டொனால்டு கேம்ப்பெல், மணிக்கு 648 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வாகனம் ஓட்டி உலக சாதனை படைத்தது இந்த உப்புப் பரப்பில்தான்.

எப்போது செல்லலாம்?

மே முதல் செப்டம்பர் வரையிலான குளிர்காலமே உகந்தது. அப்போது பகல் வெப்பம் மிதமாக இருக்கும். இரவில் கடுங்குளிர் நிலவும் என்பதால் தடித்த உறக்கப் பை அவசியம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கோடைக்காலத்தில் பயணத்தைத் தவிர்ப்பதே அறிவுடைமை. இப்பகுதியில் உள்ள ஊட்னடாட்டாவில் 1960ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது.

வழிகளும் முகாம் இடங்களும்

ஏரியை அணுகுவதற்கு இரு சிற்றூர்கள் நுழைவாயிலாக உள்ளன. ஒன்று தெற்கே உள்ள மாரீ. மற்றொன்று மேற்கே உள்ள வில்லியம் கிரீக். இவ்விரண்டையும் இணைப்பது, சுமார் 200 கிலோமீட்டர் நீளமுள்ள ஊட்னடாட்டா மண்சாலைப் பகுதி. வாகன எரிபொருள் இவ்விரு ஊர்களிலும் கிடைக்கும், இடையில் கிடைக்காது.

வில்லியம் கிரீக்கிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் கரடுமுரடான பாதையில் சென்றால் ஹாலிகன் பே முகாம் பகுதியை அடையலாம். மாரீயிலிருந்து வடக்கே சென்றால் லெவல் போஸ்ட் பே என்ற கரைப்பகுதி உள்ளது. இரண்டுக்கும் நான்கு சக்கர இயக்க வாகனம் தேவை. தேசியப் பூங்காவுக்குள் செல்வதற்கும் முகாமிடுவதற்கும் இணையவழியில் முன்பதிவு செய்ய வேண்டும்.

மழை பெய்தால் இந்த மண்சாலைகள் விரைவில் சேறாகி மூடப்படும். மூடப்பட்ட சாலையில் வாகனம் ஓட்டுவது அபராதத்துக்குரிய குற்றம். எனவே, புறப்படும் நாளன்று மாநில அரசின் சாலை நிலவர அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம். சாலை மூடப்பட்டால் சில நாள்கள் காத்திருக்கும் வகையில் பயணத் தேதிகளைத் தளர்வாக அமைத்துக்கொள்ள வேண்டும். குறிப்பாக, தாயகம் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் வரை பாலைவனத்தில் தங்கும் திட்டம் கூடாது.

ஏரிக்குள் இறங்கக் கூடாது

இந்த ஏரி அரபானா பழங்குடி மக்களின் புனிதத் தலம். 2012ஆம் ஆண்டு அவர்களது பூர்வீக நில உரிமை சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஏரிக்கு, அவர்கள் மொழியில் வழங்கும் காட்டி தாண்டா என்ற பெயரும் இணைக்கப்பட்டது. ஏரிப் படுகையில் பொழுதுபோக்குக்காக நடப்பதும், வாகனம் அல்லது படகு ஓட்டுவதும் அனுமதிக்கப்படுவதில்லை. கரையில் நின்று காண்பதே முறை.

இதில் பாதுகாப்புக் காரணமும் உண்டு. உப்பு மேலோடு உறுதியானதாகத் தோன்றினாலும், அதன் கீழே ஆழமான சேறு உள்ளது. ஏரியை முழுமையாகக் காண விரும்புவோருக்கு மாரீ, வில்லியம் கிரீக், கூபர் பீடி ஆகிய ஊர்களிலிருந்து சிறிய ரக விமானச் சுற்றுலாக்கள் இயக்கப்படுகின்றன.

உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை

* குடிநீர்: ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 5 முதல் 10 லிட்டர். திட்டமிட்ட நாள்களுடன் மேலும் சில நாள்களுக்கான கையிருப்பு தேவை. ஒரே கலனில் நிரப்பாமல் பல கலன்களில் பிரித்து வைப்பது நல்லது.
* வாகனத்துக்கு: இரண்டு மாற்று டயர்கள், காற்றழுத்த அளவி, காற்றடிக்கும் கருவி, மண்வெட்டி, சக்கரத்தின் அடியில் இடும் மீட்புப் பலகைகள், கூடுதல் எரிபொருள்.
* தொடர்புக்கு: செயற்கைக்கோள் தொலைபேசி, அவசரகாலத்தில் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் சமிக்ஞைக் கருவி, காகித வரைபடம். ஆஸ்திரேலியாவில் அவசர உதவி எண் 000.
* சமையலுக்கு: எரிவாயு அடுப்பு. தேசியப் பூங்காவில் விறகு சேகரிக்க அனுமதியில்லை. குப்பைகள் அனைத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

வாடகைக்கு வாகனம் எடுப்போர், ஒப்பந்தத்தில் மண்சாலைப் பயணத்துக்கு அனுமதி உள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். அனுமதியின்றிச் சென்றால் காப்பீடு செல்லாமல் போகக்கூடும். கங்காருக்களும் கால்நடைகளும் சாலையைக் கடப்பதால் இரவுப் பயணம் ஆபத்தானது. இந்தியாவிலிருந்து உலர் உணவு, ஊறுகாய், மசாலா போன்றவற்றைக் கொண்டுசெல்வோர் விமான நிலையத்தில் அவற்றைத் தவறாமல் அறிவிக்க வேண்டும்.

1998ஆம் ஆண்டு நிகழ்வு தரும் பாடம்

1998ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆஸ்திரியாவைச் சேர்ந்த இருவர் ஹாலிகன் பே பகுதிக்குச் சென்றனர். அவர்களது வாகனம் மணலில் சிக்கிக்கொண்டது. சில நாள்கள் காத்திருந்தும் எவரும் வராததால், இருவரும் வில்லியம் கிரீக் நோக்கி நடக்கத் தொடங்கினர். வழியில் சோர்வுற்ற ஆண் வாகனத்துக்குத் திரும்பினார், உயிர் பிழைத்தார். தொடர்ந்து நடந்த பெண் கடும் வெப்பத்தில் உயிரிழந்தார். அவர்கள் விட்டுச்சென்ற முகாம் பகுதியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. பின்னர் டயர்களின் காற்றழுத்தத்தைக் குறைத்ததும் அந்த வாகனம் மணலிலிருந்து வெளியே வந்துவிட்டது.

உள்நிலப் பயணிகளுக்குக் காவல் துறையினரும் மீட்புப் படையினரும் கூறும் அறிவுரைகள் அனைத்தும் இந்த ஒரே நிகழ்வில் அடங்கியுள்ளன. மணலில் இறங்கும் முன் டயர் காற்றழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வாகனம் சிக்கினால் அதனை விட்டு விலகக் கூடாது. அது நிழல் தரும், நீரைக் காக்கும், வானிலிருந்து தேடுவோரின் கண்ணுக்கு மனிதரைவிட எளிதில் புலப்படும்.

அனைத்துக்கும் மேலாக, செல்லும் வழி, தங்கும் இடம், திரும்பும் நாள், நேரம் ஆகியவற்றை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் எழுத்துபூர்வமாகக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். குறித்த நேரத்துக்குள் அழைப்பு வராவிட்டால் காவல் துறைக்குத் தெரிவிக்குமாறு அவரிடம் தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும். திரும்பியதும் அவருக்கு முதலில் தகவல் தர வேண்டியது பயணியின் கடமை.