முசுறும் கோப்பித் தோட்டமும்

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்று நம்ம ஆட்கள் சொல்வது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. புறநானூற்றின் 173ஆம் பாட்டில் சோழன் கிள்ளிவளவன், பண்ணன் கொடுத்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போகும் பிள்ளைகளை அப்படியான எறும்பு வரிசைக்குத்தான் ஒப்பிடுகிறான்.

நாம் முட்டை என்று சொல்வது பெரும்பாலும் எறும்பின் புழுவும் கூட்டுப்புழுவும்தான். அவற்றுக்கு ஈரமும் சூடும் அளவாக இருக்கவேணும். மண்ணில் ஈரம் கூடினால் எறும்புகள் அவற்றை இடம் மாற்றிவிடும். பிறகு மழை வரலாம், வராமலும் போகலாம்.

கண்டிப் பக்கம் மா, பலா மரங்களில் இருக்கும் முசுறு வேறு மாதிரி. அதற்கு மண்ணுக்குள் வீடு கிடையாது. பச்சை இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுக்கள் சுரக்கும் நூலால் ஒட்டிக் கூடு கட்டும். வெப்பத்தை விரும்பும் இனம் இது. குளிரிலும் மழையிலும் அதன் நடமாட்டம் குறைந்துவிடும். வெயில் ஏறினால் மரம் முழுக்க ஓடும்.

இந்த முசுறுக்கு மலையகத் தோட்ட வரலாற்றில் ஒரு சின்ன இடம் இருக்கிறது.

1840களில் கண்டி மலைகளில் காடு அழித்துக் கோப்பி நட்டார்கள். 1843 அளவிலேயே செடிகளைச் செதிற்பூச்சி பிடிக்கத் தொடங்கியது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த ஜோர்ஜ் கார்ட்னர் அதை ஆராய்ந்தார். பூச்சியைத் தின்னும் என்று நம்பித் தோட்டத் துரைமார் முசுறைக் கொண்டுவந்து கோப்பிச் செடிகளில் விட்டதை, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். திட்டம் ஏன் நின்றது? எண்ணெய் பூசிய வெறும் உடம்போடு வேலை செய்த தமிழ்த் தொழிலாளரை முசுறு கடித்துத் தள்ளியது. அவர்கள் தோட்டத்தை விட்டே போய்விடுவார்களோ என்ற பயம் வந்ததும்தான் துரைமார் யோசித்தார்கள்.

இன்னொன்றும் பார்க்கவேணும். முசுறு பூச்சிகளை வேட்டையாடுவது உண்மைதான். ஆனால் செதிற்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக அதைக் காவல் காப்பதும் முசுறுக்குப் பழக்கம். ஆகவே அந்த வைத்தியம் நோயை வளர்த்தும் இருக்கலாம். கடி வாங்கியது மட்டும் தொழிலாளர்.

யார் அவர்கள்? மழை பொய்த்த தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். கோப்பி பழுக்கும் காலத்தில் வந்து, அறுவடை முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். வழியிலேயே செத்தவர்களும் ஏராளம். 1869இல் இலைநோய் வந்து, கோப்பி அழிந்து, தேயிலை வந்த பிறகுதான் வருடம் முழுக்கத் தங்கும் வாழ்க்கை பரவலானது.

டெனன்டின் எழுத்தில் அவர்கள் 'மலபார் கூலிகள்'. ஒருத்தருக்கும் பெயர் இல்லை. எறும்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில்தான் அவர்களுடைய உடம்பு பட்ட பாடும் பதிவாகியிருக்கிறது. நம்ம வரலாற்றைத் தேடும்போது பூச்சி, செடி, மழை பற்றிய பழைய புத்தகங்களையும் நாங்கள் புரட்டுவது இதற்காகத்தான்.